உழைப்போர்க்கு வழி திறந்த பிரான்சிஸ் பெர்க்கின்ஸ்

உழைத்துப் பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் ஒருவருக்கு நல்ல வேலை கிடைத்துவிடாது. வேலை எங்கே இருக்கிறது என்பதை அறிய வழி வேண்டும். வேலை தேடித் தருவதாகக் கூறிப் பணம் பறிப்போரிடமிருந்து காப்பு வேண்டும். பணியிடத்தில் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும். உடல் தாங்கக்கூடிய வேலை நேரமும் வயிற்றுக்குப் போதுமான ஊதியமும் வேண்டும். இவை இல்லாதபோது வறியவர்களே பெரிதும் துன்புறுகின்றனர். இத்தடைகளை இரக்கத்தால் மட்டும் நீக்க முடியாது; சட்டத்தால்தான் நீக்க முடியும் என்று உறுதியாக நம்பியவர் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார். அமெரிக்க நாட்டின் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணியும் இவரே ஆவார்.

இளமையும் கல்வியும்

பெர்க்கின்ஸ் 1880ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உஸ்டர் நகரில் வளர்ந்தார். அவருடைய தந்தையார் எழுதுபொருள் வணிகம் செய்து வந்தார். குடும்பத்தில் வறுமை இல்லை. ஏழைகள் ஏழைகளாக இருப்பதற்குச் சோம்பலும் குடிப்பழக்கமுமே காரணம் என்பது அவர் வளர்ந்த சூழலில் பலரும் கொண்டிருந்த கருத்து. சிறுமியாக இருந்த பெர்க்கின்சும் அதையே கேட்டு வளர்ந்தார்.

மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் அவர் இயற்பியலை முதன்மைப் பாடமாகப் பயின்றார். ஆனால், அவர் வாழ்க்கையின் திசையை மாற்றியது அமெரிக்கப் பொருளாதார வரலாற்று வகுப்பு. அந்த வகுப்பின் ஆசிரியை, மாணவியரை அருகிலிருந்த ஆலைகளுக்குச் சென்று பார்த்துவரச் செய்தார். அங்கே பெண்களும் சிறுவர்களும் காலை முதல் இரவு வரை வேலை செய்வதைப் பெர்க்கின்ஸ் கண்டார். இயந்திரத்தில் சிக்கிக் கையை இழந்த தொழிலாளிக்கு இழப்பீடு கிடையாது. அடுத்த நாள் முதல் அவருடைய குடும்பத்துக்கு வருமானமும் கிடையாது. சோம்பல் இல்லாதவரும் குடிக்காதவரும்கூட ஒரே நாளில் வறுமையில் விழக்கூடும் என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

1902ஆம் ஆண்டு பட்டம் பெற்ற பிறகு, சிக்காகோ நகருக்கு அருகில் ஆசிரியையாகப் பணியாற்றினார். ஓய்வு நாள்களில், ஜேன் ஆடம்ஸ் நிறுவிய ஹல் ஹவுஸ் என்ற சமூகநல இல்லத்தில் தொண்டு செய்தார். புலம்பெயர்ந்து வந்த ஏழைக் குடும்பங்களோடு பழகும் வாய்ப்பு அங்கே அவருக்குக் கிட்டியது. செய்த வேலைக்கு ஊதியம் தரப்படாதவர்களின் சார்பில் முதலாளிகளிடம் சென்று கேட்டு வாங்கித் தந்தார். இவ்வாறு ஒவ்வொருவருக்காகவும் சென்று கெஞ்சிக் கேட்பதைவிட, எல்லாருக்கும் பொருந்தும் விதி ஒன்று இருப்பதே சிறந்தது என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது.

வேலை தேடி வந்த பெண்கள்

1907ஆம் ஆண்டு பெர்க்கின்ஸ் பிலடெல்பியா நகருக்குச் சென்று ஒரு சமூகநல அமைப்பில் சேர்ந்தார். அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த இளம்பெண்களும், அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினப் பெண்களும் வேலை தேடி அந்நகரில் இறங்கினர். அவர்களுக்கு ஊரும் தெரியாது, துணையும் இல்லை. துறைமுகத்திலும் ரயில் நிலையத்திலும் காத்திருந்த போலி வேலைவாய்ப்பு முகவர்கள், நல்ல வேலை வாங்கித் தருவதாக ஆசை காட்டி அவர்களை அழைத்துச் சென்றனர். கையில் இருந்த பணத்தைக் கட்டணமாகப் பறித்துக்கொண்டனர். தரக்குறைவான விடுதிகளில் தங்க வைத்தனர். சிலரைத் தீய வழிகளிலும் தள்ளினர்.

பெர்க்கின்ஸ் அந்த முகவர் நிலையங்களுக்கும் விடுதிகளுக்கும் தாமே நேரில் சென்று விசாரித்து, சான்றுகளைத் திரட்டினார். இது முகவர்களுக்குப் பிடிக்கவில்லை. மழை பெய்த ஓர் இரவில், வீடு திரும்பிக்கொண்டிருந்த அவரை இருவர் பின்தொடர்ந்தனர். அவர் ஓடவில்லை. சட்டென்று திரும்பிக் குடையை நீட்டி நின்று, அவர்களுள் ஒருவரின் பெயரை உரக்கக் கூவினார். தெருவில் இருந்த வீடுகளின் சன்னல்கள் திறந்தன, பின்தொடர்ந்தவர்கள் ஓடிவிட்டனர். தாம் திரட்டிய சான்றுகளைக் காட்டி, இத்தகைய நிலையங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என அவர் நகர அதிகாரிகளை வலியுறுத்தினார். வேலை தேடுவோர் ஏமாறாமல் இருக்க அரசே பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்தை அவர் அதன்பின் ஒருபோதும் கைவிடவில்லை.

தீ விபத்து

1910ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே நகரில் நுகர்வோர் சங்கத்தின் செயலாளராகவும் பொறுப்பேற்றார். தொழிலாளர் நிலையை மேம்படுத்தப் பாடுபட்ட சங்கம் அது.

1911ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகல். தோழி ஒருவரின் வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த பெர்க்கின்ஸ், தீயணைப்பு வண்டிகளின் ஒலி கேட்டு வெளியே ஓடி வந்தார். அருகிலிருந்த பத்து மாடிக் கட்டடத்தின் மேல்தளங்கள் எரிந்துகொண்டிருந்தன. அங்கு இயங்கிய டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுள் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள். ஒன்பதாம் தளத்தில் வெளியேறும் கதவு ஒன்று பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பாளர்களின் ஏணி ஆறாம் தளம் வரைதான் எட்டியது. வேறு வழியின்றிப் பலர் சன்னல்களிலிருந்து குதித்து மாண்டனர். பெர்க்கின்ஸ் அதைக் கண்ணால் கண்டார். அன்று 146 பேர் உயிரிழந்தனர்.

தொழிற்சாலை உரிமையாளர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. கதவு பூட்டியிருந்தது அவர்களுக்கு அந்நேரத்தில் தெரியும் என்பது ஐயமற மெய்ப்பிக்கப்படாததால், அவர்கள் விடுதலை செய்யப்பட்டனர். குற்றவாளியைத் தேடுவது மட்டும் போதாது, இத்தகைய விபத்து இனி நிகழாதபடி சட்டம் இயற்ற வேண்டும் என்ற குரல் மாநிலமெங்கும் எழுந்தது.

நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் தொழிற்சாலை விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது. ராபர்ட் வாக்னர் தலைவராகவும் அல் ஸ்மித் துணைத் தலைவராகவும் இருந்தனர். பெர்க்கின்ஸ் அந்த ஆணையத்துக்கு உதவினார். அறிக்கைகளைப் படிப்பதைவிட நேரில் பார்ப்பதே மனத்தை மாற்றும் என்பது அவர் அறிந்த உண்மை. எனவே, ஆணைய உறுப்பினர்களைத் தொழிற்சாலைகளுக்கே அழைத்துச் சென்றார். கயிறு ஆலையில் இரவு முழுவதும் உழைத்துவிட்டு அதிகாலையில் தள்ளாடி வெளியே வந்த பெண்களைக் காட்டினார். காய்கறிகளைத் தகரக் குவளைகளில் அடைக்கும் ஆலையில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் பட்டாணி உரிப்பதைக் காட்டினார். ஓர் ஆலையில் அவசர வழி எனக் குறிக்கப்பட்டிருந்த சிறிய துளை வழியாக வாக்னரையே தவழ்ந்து வெளியேறச் செய்தார். அதற்கு அப்பால் இருந்தது பனி படிந்த செங்குத்தான இரும்பு ஏணி. அதுவும் தரையை எட்டாமல் பன்னிரண்டு அடி உயரத்திலேயே முடிந்திருந்தது.

சில ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன. வேலை நேரத்தில் கதவுகளைப் பூட்டக் கூடாது, தீத்தடுப்புப் பயிற்சி நடத்த வேண்டும், உயரமான கட்டடங்களில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் பொருத்த வேண்டும், ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்பன அவற்றுள் சில. பின்னர் மற்ற மாநிலங்களும் இவற்றைப் பின்பற்றின.

கடினமான முடிவு

இதே காலத்தில் பெர்க்கின்ஸ் வேறொரு சட்டத்துக்காகவும் போராடி வந்தார். பெண்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணி நேரமாகக் குறைக்கும் சட்டம் அது. அஃதாவது, வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம். இன்று நமக்கு இது மிகுதியாகத் தோன்றலாம். அன்றைய தொழிலாளிக்கு இது பெரிய விடுதலை.

1912ஆம் ஆண்டு, சட்டமன்றக் கூட்டத்தொடர் முடியும் தறுவாயில், மசோதாவை விரும்பாதவர்கள் ஒரு சூழ்ச்சி செய்தனர். உணவு அடைப்பு ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று ஒரு விலக்கைச் சேர்த்தனர். யாரையும் விட்டுவிடும் மசோதாவை ஏற்கக் கூடாது என்பது பெர்க்கின்சின் சங்கம் அவருக்கு இட்டிருந்த கட்டளை. ஆகவே, அவர் மறுத்துவிடுவார், மசோதாவும் மடிந்துவிடும் என அவர்கள் கணக்கிட்டனர்.

மேலிடத்தைக் கேட்டறிய நேரமில்லை. விலக்கை மறுத்தால் எந்தப் பெண்ணுக்கும் பயன் இல்லை. ஏற்றால் பல இலட்சம் பெண்களுக்கு உடனே பயன் உண்டு. ஆனால், கடுமையாக உழைக்கும் ஆலைப் பெண்கள் கைவிடப்படுவர். வேலையே பறிபோகலாம் என்பதை அறிந்தும், பெர்க்கின்ஸ் தம் பொறுப்பில் மசோதாவை ஏற்றார். அதற்குள், ஆதரவாக வாக்களிக்க வேண்டிய டிம் சல்லிவன் என்ற உறுப்பினர் ஊர் திரும்பப் படகுத்துறைக்குச் சென்றுவிட்டார். பெர்க்கின்ஸ் தொலைபேசியில் அழைக்க, இளம் வயதிலேயே வேலைக்குச் சென்ற தம் சகோதரியின் துன்பத்தை மறவாத சல்லிவன், குன்றின்மேல் இருந்த மன்றத்துக்கு விரைந்து ஏறி வந்து வாக்களித்தார். மசோதா நிறைவேறியது.

சங்கத்தின் தலைவி புளோரன்ஸ் கெல்லி தம்மைக் கடிந்துகொள்வார் என்றே பெர்க்கின்ஸ் அஞ்சினார். கெல்லியோ மகிழ்ந்து அவரைத் தழுவிக்கொண்டார். எனினும், விடுபட்டவர்களைப் பெர்க்கின்ஸ் மறக்கவில்லை. அடுத்த ஆண்டே உணவு அடைப்பு ஆலைப் பெண்களும் சட்டத்தின் காப்புக்குள் கொண்டுவரப்பட்டனர்.

மாநிலப் பணியும் குடும்பச் சுமையும்

1913ஆம் ஆண்டு பெர்க்கின்ஸ் பால் வில்சன் என்பவரை மணந்தார். திருமணத்துக்குப் பின்னும் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 1916ஆம் ஆண்டு ஒரு மகள் பிறந்தாள். சில ஆண்டுகளில் கணவர் மனநோயால் பாதிக்கப்பட்டார். அதன்பின் குடும்பத்துக்காகச் சம்பாதிக்கும் பொறுப்பும் பெர்க்கின்சுடையதாயிற்று. இத்துன்பத்தை அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

1919ஆம் ஆண்டு, மாநில ஆளுநராகியிருந்த அல் ஸ்மித் அவரை மாநிலத் தொழில்துறை ஆணையத்தின் உறுப்பினராக்கினார். 1929ஆம் ஆண்டு, புதிய ஆளுநர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவரை மாநிலத்தின் தொழில்துறை ஆணையராக உயர்த்தினார். அவ்வாண்டின் இறுதியில் பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. 1930ஆம் ஆண்டு ஜனவரியில், நாட்டில் வேலைவாய்ப்பு பெருகி வருவதாக அதிபர் ஹூவர் அறிவித்தார். பெர்க்கின்ஸ் தம் துறையின் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். நிலைமை மோசமாகி வருவதையே அவை காட்டின. நாட்டின் அதிபரே கூறினாலும் தவறு தவறுதான் என எண்ணி, உண்மையான நிலையைச் செய்தித்தாள்களுக்கு வெளியிட்டார். வேலையிழந்தவர்களைத் தம்மைத் தாமே பழித்துக்கொள்ள விடக் கூடாது என்பதே அவர் நோக்கம்.

அமைச்சர் பொறுப்பு

ரூஸ்வெல்ட் நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், தொழிலாளர் துறை அமைச்சர் பொறுப்பை ஏற்குமாறு பெர்க்கின்சை அழைத்தார். அவர் உடனே இசையவில்லை. தாம் செய்ய விரும்புவனவற்றைப் பட்டியலிட்டு முன்வைத்தார். குறைந்தபட்ச ஊதியம், வேலை நேர வரம்பு, குழந்தைத் தொழிலாளர் முறை ஒழிப்பு, வேலையின்மைக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம், அரசு வேலைவாய்ப்புச் சேவை ஆகியன அதில் இருந்தன. இவற்றுக்கு ஆதரவு தருவதாக ரூஸ்வெல்ட் ஒப்புக்கொண்ட பிறகே, 1933ஆம் ஆண்டு மார்ச்சில் பதவி ஏற்றார். அப்போது நாட்டில் ஏறத்தாழ நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை.

அதே ஆண்டு ஜூன் மாதம் வாக்னர்–பெய்சர் சட்டம் நிறைவேறியது. மாநிலங்கள் தத்தம் வேலைவாய்ப்பு அலுவலகங்களை நடத்த மத்திய அரசு நிதி வழங்கியது. வேலை தேடுவோர் கட்டணம் செலுத்தாமலேயே வேலை பற்றி அறிய வழி பிறந்தது. பிலடெல்பியாவில் ஏமாற்றப்பட்ட பெண்களுக்கு அன்று இல்லாமல் போன வழி இதுவே.

அதே கோடையில் பெர்க்கின்ஸ் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹோம்ஸ்டெட் நகருக்குச் சென்று எஃகு ஆலைத் தொழிலாளர்களைச் சந்தித்தார். மண்டபத்துக்கு வெளியே நின்ற தொழிலாளர்களோடு பேச நகரத் தலைவர் இடம் தரவில்லை. பூங்காவிலும் பேசக் கூடாது என்றார். பெர்க்கின்ஸ் சுற்றும் முற்றும் பார்த்தார். அஞ்சலகத்தின்மேல் நாட்டுக்கொடி பறந்தது. அது மத்திய அரசின் கட்டடம். அங்கே தம்மைத் தடுக்க யாராலும் இயலாது என்று உணர்ந்து, தொழிலாளர்களை அங்கு அழைத்துச் சென்று அவர்கள் குறைகளைக் கேட்டார்.

1935ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதை உருவாக்கிய குழுவுக்குப் பெர்க்கின்ஸ் தலைமை தாங்கினார். முதியோர் ஓய்வூதியமும், மாநிலங்கள் வழியாக வழங்கப்படும் வேலையின்மைக் காப்பீடும் இதன் பயன்கள்.

குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்குத்தான் தடை பெரிதாக இருந்தது. பெண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்த நியூயார்க் மாநிலச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1936ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. பெர்க்கின்ஸ் மனம் தளரவில்லை. தம் மசோதாவை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்து, தக்க காலத்துக்காகக் காத்திருந்தார். 1937ஆம் ஆண்டு காலம் கனிந்தது. வாஷிங்டன் மாநிலத்து விடுதி ஒன்றில் அறைகளைத் துப்புரவு செய்த பெண் ஒருவர், மாநிலச் சட்டப்படி தமக்குச் சேர வேண்டிய கூலியைக் கேட்டு வழக்குத் தொடுத்திருந்தார். அவ்வழக்கில் மாநிலச் சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழுப்பறையில் இருந்த மசோதா வெளியே வந்தது.

1938ஆம் ஆண்டு நியாயமான தொழில் தரச் சட்டம் நிறைவேறியது. மணிக்கு 25 காசு குறைந்தபட்ச ஊதியம் என்றும், வாரத்துக்கு 44 மணி நேரம் வேலை என்றும் அது வரையறுத்தது. வேலை நேரம் இரண்டு ஆண்டுகளில் 40 மணியாகக் குறையவும் வழி செய்தது. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவர்களைப் பெரும்பாலான தொழில்களில் அமர்த்துவதைத் தடுத்தது.

இச்சட்டங்களிலும் குறை இருந்தது. வயல்களிலும் வீடுகளிலும் வேலை செய்தவர்கள் இவற்றுக்கு வெளியே விடப்பட்டனர். அவர்களுள் கறுப்பினத்தவர் மிகுதி. நாட்டில் மிகவும் தாழ்ந்த கூலி பெற்றவர்களுக்கே காப்பு கிடைக்காமல் போனது. உணவு அடைப்பு ஆலைப் பெண்களைப் போல இவர்களுக்கு அடுத்த ஆண்டே விடிவு பிறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் இவர்களும் படிப்படியாகச் சேர்க்கப்பட்டனர்.

இறுதிக் காலம்

1939ஆம் ஆண்டு, தொழிற்சங்கத் தலைவர் ஒருவரை நாடு கடத்தவில்லை எனக் குற்றஞ்சாட்டி, பெர்க்கின்சைப் பதவி நீக்கம் செய்ய நாடாளுமன்றத்தில் சிலர் முயன்றனர். போதிய சான்று இல்லாமல் சட்டத்தை மீறி ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். குற்றச்சாட்டு தள்ளுபடி ஆனது. 1945ஆம் ஆண்டு வரை பன்னிரண்டு ஆண்டுகள் அமைச்சராக இருந்தார். அந்தத் துறையில் அவரைவிட நீண்ட காலம் பணியாற்றிய அமைச்சர் இலர்.

முதுமையில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொழிலுறவு பற்றிக் கற்பித்தார். 1965ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், தம் 85ஆம் வயதில் காலமானார். வாஷிங்டன் நகரிலுள்ள தொழிலாளர் துறைத் தலைமையகம் 1980ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெர்க்கின்ஸ் உரக்கப் பேசிப் புகழ் தேடியவர் அல்லர். துன்பத்தை நேரில் பார்த்தார். அதன் காரணத்தை ஆராய்ந்தார். அது மீண்டும் நேராதபடி விதி அமைக்கப் பாடுபட்டார். ஒரே முயற்சியில் முழு வெற்றி கிட்டாதபோது, கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு எஞ்சியதற்காகத் தொடர்ந்து உழைத்தார். பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்ற தொழிலாளியை அவர் கடைசிவரை மறக்கவில்லை. பிறர் துயர் கண்டு வருந்துவதோடு நில்லாமல், அதைத் துடைக்கும் வழியையும் தேட வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடமாகும்.